அரை மணி முந்திய கடிகாரம்

ரேடியோக்காரன் பிழைப்பு வேடிக்கையானது: சத்தம் வந்தால் யாரும் நம்மை நினைப்பதில்லை, வராவிட்டால் ஊரே வாசலில் நிற்கும். செயற்கைக்கோள்களின் ஒலியைப் பின்தொடரும் கண்காணிப்பு நிலையங்களில் பல ஆண்டுகள் இருந்தபோதும் இதுதான் கதை. அதற்கு முன் நான் இருந்தது மலாக்கா காஜா பேராங்கில், ஆறுமுகம் அண்ணனின் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில். அவசரக்கார முதலாளியிடம் வேலை பார்த்தவர்களுக்கு மற்றது தானே புரியும்.

சுதந்திர அவசரம்

மலாயாவின் சுதந்திரப் பிரகடனத்தை ரேடியோவில் கேட்க எல்லாருக்கும் ஆசை. செமாபோக்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் ரேடியோக்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். மேசை நிறைந்து, தரையில் அடுக்கினோம். வேலை பின்தங்குவதைப் பார்த்த அண்ணன், நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தார். மணிக்கு மணி ரேடியோ சரியான நேரம் சொல்லும் கடையில் இது யாரை ஏமாற்ற என்று கேட்டேன்.

“ரேடியோ சொல்றது நாட்டுக்கு. கடிகாரம் சொல்றது ஒனக்கு. கையை ஓட்டு தம்பி!”

ரம்புத்தான் மரத்துக் கம்பி

சில வாரங்களில் உலகின் முதல் செயற்கைக்கோள் வானத்தில் ஏறியது. அதன் ஒலி சிற்றலையில் கிடைக்கும் என்றது செய்தி. எங்கள் கடைக் கூரைக்கும் பக்கத்து வீட்டு மீனாட்சி பீபிக்கின் ரம்புத்தான் மரத்துக்கும் செம்புக் கம்பி இழுத்துக் கட்டினேன். பீபிக், அதாவது அத்தை, என்று நாங்கள் கூப்பிடும் அவர், தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழ் வழிவந்த மலாக்கா செட்டிக் குடும்பத்தவர். பேச்சு மலாய்தான், ‘தம்பி’ மட்டும் தமிழ்.

இரண்டாம் நாள் காலை, இரைச்சலுக்குள் பூச்சி கத்துவதுபோல் ஒரு சத்தம் எழுந்து, வலுத்து, தேய்ந்தது. அந்த வாரம் ஏழு முறை பிடித்தேன். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து நேரத்தை நோட்டில் எழுதினேன். பீபிக்கையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். அவர் மலாயில் சொன்னது இது.

“இதுக்கா என் மரத்துல கம்பி கட்டினே? பாட்டுகூடப் பாடலையே!”

மூன்று வரிப் பதில்

வெளிநாட்டுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று பயிற்சிக்கு ஆள் எடுத்தது. பட்டம் இல்லாதவர்கள், பலவீனமான அலையைப் பிடித்ததற்குச் சான்று அனுப்பலாம் என்றார்கள். என்னிடம் இருந்த சான்று அந்த ஏழு நேரங்கள்தாம். அனுப்பினேன். நீங்கள் குறித்த நேரங்களில் அந்தச் செயற்கைக்கோள் மலாயா வானத்திலேயே இல்லை என்று மூன்று வரியில் பதில் வந்தது. பொய்யன் என்பதை மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. எனக்குப் பற்றவைப்புக் கோலைப் பிடிக்கவும் மனமில்லை.

அன்று பீபிக், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த தன் ரேடியோவைத் திரும்ப வாங்க வந்தார். போட்டுக் காட்டினேன். பத்து மணிச் செய்தி தொடங்கியது, சுவரில் பத்தரை. முன்னதாகக் கடை திறந்து, முன்னதாகச் சாப்பிட்டு, அந்தக் கடிகாரம் பொய் சொல்வதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். உன் கடிகாரம் தப்பு என்று பீபிக் விரலை நீட்டிச் சிரித்தார்.

“ஜாம் லூ சாலா லா, தம்பி!”

நேர்முகம்

நடந்ததை மறைக்காமல் எழுதி, நோட்டுத் தாளையும் கிழித்து வைத்து அனுப்பினேன். சிங்கப்பூருக்கு வரச்சொன்னார்கள். ஏழு நேரங்களிலும் அரை மணியைக் கழித்தால் ஏழும் பொருந்தின. முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் பத்திரிகையில் வந்த நேரங்களைப் பார்த்து எழுதியதாக நினைத்திருப்போம் என்றார் அதிகாரி. பிறகு தாளை மடித்துக்கொண்டே சொன்னார்.

“உங்களை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் முதலாளி மட்டும் எங்கள் கடிகாரங்களின் பக்கம் வர வேண்டாம்.”

முதல் விடுமுறை

ஊருக்கு வந்ததும் கடைக்குப் போனேன். கடிகாரம் இன்னும் அரை மணி முன்னால்தான் இருந்தது. வேலைப் பழக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, முள்ளில் கை வைத்தேன். உள்ளிருந்து அண்ணன் பாய்ந்து வந்தார்.

“எறங்குடா! அது சரியா ஓடியிருந்தா ஒன்னைய எவன் நம்பியிருப்பான்?”

விநாடியைத் துண்டுதுண்டாக வெட்டி அளக்கும் உத்தியோகத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தேன், அதை எனக்கு வாங்கித் தந்தது சரியான நேரமே காட்டாத ஒரு கடிகாரம்.