பால்பாண்டி அண்ணன் பார்த்த பக்கம்

காலையில் பால்பாண்டி அண்ணனின் மச்சான் போனில் இரண்டே விஷயம் சொன்னார். அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். பத்து மணிக்குள் அஞ்சலி போஸ்டருக்கு அவர் படம் அச்சகத்துக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வருடம் சிவகாசியில் ஒரே ஸ்டுடியோவில் அவர் போட்டோ, நான் வீடியோ. ஊரில் பாதிப் பேரின் முகம் எங்களிடம் இருக்கிறது, அவர் முகம் மட்டும் இல்லை. கூப்பிட்டால், “கேமரா பிடிக்கிறவனுக்கு ஃபிரேமுக்குள்ள என்னலே சோலி” என்று நழுவிவிடுவார். இப்போது யார் அவதிப்படுவது?

அவரோடு ஒரு நாள் வேலை பார்த்தவர்களுக்கும் என் எரிச்சல் புரியும். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனிக்குத் தீபாவளி விளம்பரம் எடுக்கப் போனோம். முதலாளி ஆபீஸ் வாசலில் விறைப்பாக நின்றார். அத்தனை வேலையாட்கள் முன்னால் இவர், “ஒரு எட்டு தள்ளி நில்லுங்க மொதலாளி, ஒங்க தலையில லைட் கம்பம் மொளச்சு நிக்கி” என்றார். அந்த ஆர்டர் அத்தோடு போயிற்று. கம்பத்தோடு படம் வெளியே போகவில்லையே என்று அண்ணனுக்கு நிம்மதி.

மல்லாங்கிணறு கல்யாணத்தில் பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி எடுத்தார். பெண் ஒரு ஓரத்தில், மிச்சமெல்லாம் வெறும் சுவர். பாதிப் படத்தைச் சும்மா விட்டதற்கா ஆல்பம் என்று தாய்மாமன் சண்டைக்கு வந்தார். அண்ணன் அசையவில்லை. “பொண்ணு அங்கிட்டுல்ல பாக்கு. பாக்குற பக்கம் எடம் விடணும். இல்லேன்னா பார்வை ஓரத்துல முட்டி நின்னுரும்.” மாமனின் கையைப் பிடித்துச் சமாதானம் பேசியது நான்தான்.

பழைய ஹார்டுடிஸ்க்கைக் குடைந்ததில் கடைசியாக ஒரு படம் அகப்பட்டது. ஆனைக்குட்டம் அணையில் புது லென்ஸைச் சோதிக்க, அவருக்குத் தெரியாமல் நான் எடுத்தது. ஓரத்தில் அண்ணன், அவர் பார்க்கிற பக்கமெல்லாம் தண்ணீர். எதையும் வெட்டக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். அச்சகத்தாரும் வெட்டவில்லை. அந்தத் தண்ணீர் முழுக்க மகன், மருமகள், சம்பந்தி, பங்காளி என்று விரற்கடை இடம் விடாமல் பெயர்களை அடுக்கிவிட்டார்கள்.

போஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குச் சண்டை போடக் கிளம்பினேன். அண்ணனின் மனைவி என்னைத் தடுத்தார்.

“கெடக்கட்டும் தம்பி. எல்லாரையும் பாத்துக்கிட்டே போகட்டும்.”

தெருவுக்கு வந்து அழுதேன்.

பெயர் ஏறாத அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அதில் தண்ணீர் மட்டம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது, என் கை செய்த தப்பு. நிமிர்த்த ஒரு நொடி போதும். நிமிர்த்த மாட்டேன். பார்க்கும்போதெல்லாம் அவர் என்னைத் திட்டுகிறார். எனக்கு அது வேண்டும்.