சம்பா அறுப்பில் நீல வெல்வெட் அங்கி

எனக்குப் பொறாமை அதிகம், ஒளிப்பதற்கில்லை. மன்னார்குடிப் பக்கம் மிராசு வீட்டில் பிறந்தும் நிலத்தின் மீது எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. மாயாஜாலப் படங்களில் நடிகர்கள் போட்ட அசல் உடுப்புகளைச் சேர்ப்பதுதான் பைத்தியம். நில உச்சவரம்புச் சட்டம் வந்து பத்திரங்கள் கைமாறியதும், காலியான இரும்புப் பெட்டியில் அவற்றை அடுக்கினேன். அரக்கனின் கச்சை, நாகலோக இளவரசியின் மேலாடை, மந்திரவாதியின் குல்லாய் எல்லாம் கோடம்பாக்கத்து வாடகைக் கடைகளில் தவம் கிடந்து வாங்கியவை. கும்பகோணத்து வக்கீல் ஒருவரிடம் ராஜகுமாரனின் தலைப்பாகை இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. ஒரு படத்தில் கதாநாயகன் வானத்தில் பறந்து போய் இளவரசியை மீட்கும்போது போட்டிருந்த நீல வெல்வெட் அங்கி. அந்தக் காட்சிக்காகவே அந்தப் படத்தை டெண்ட் கொட்டகையில் பதினோரு தடவை பார்த்திருந்தேன்.

அதைக் கடைசியில் என் வயலிலேயே பார்த்தேன்.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நெல்தாளின் சுணை பட்டு உடம்பு அரிக்காமல் இருக்கப் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் அறுக்க வருவார்கள். அந்த வரிசையில் ஒருத்தி மட்டும் சட்டைக்குப் பதில் அந்த அங்கியைப் போட்டிருந்தாள். தோளில் அதே ஜரிகைப் பிறை. மார்பில் பாதி உதிர்ந்த சமிக்கி. கைகளில் சேறு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"இது ஏது உனக்கு?"

"எங்கண்ணன் குடுத்துச்சுங்கய்யா. மெட்ராசுல சினிமாவுல இருக்குல்ல."

அவள் அண்ணனை எனக்குத் தெரியும். எங்கள் பண்ணையில் ஏர் ஓட்டிவிட்டு, ஒருநாள் சொல்லாமல் ஊரை விட்டுப் போனவன்.

"இது கதாநாயகன் போட்டதாச்சே!"

அவள் சிரித்தாள். அங்கியின் இரண்டு பக்கமும் இடுப்புக்கு மேலே, ஓரம் மடித்துத் தைத்த துவாரம் இருந்தது. விரலை விட்டுக் காட்டினாள். "கம்பி நுழையிறதுக்குங்க. மூஞ்சி காட்டுனது அவரு. பறந்தது எங்கண்ணன்."

உடுப்பின் மீதிருந்த பொறாமை அந்த நிமிஷமே ஆள் மீது பாய்ந்தது. பதினோரு தடவை நான் வாய் பிளந்து பார்த்தது எங்கள் பண்ணையாளையா?

"எனக்குக் குடு. ஒனக்கு வேற சட்டை எடுத்துத் தர்றேன்."

"வேணாங்கய்யா, இதுவே நல்லாருக்கு."

மறுநாள் காலை யாரும் வயலில் இறங்கவில்லை. கூலியில் அரைப் படி நெல் கூடுதலாகக் கேட்டு, வரப்பில் செங்கொடியை நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்சி மாறியிருந்தது, வயலில் பேச்சும் மாறியிருந்தது. கூலியில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மற்ற மிராசுகள் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அவளைத் தனியே கூப்பிட்டு, அங்கியைக் கொடுத்தால் அவளுக்கு மட்டும் அந்த அரைப் படியைப் போடுவதாகச் சொன்னேன்.

"எனக்கு மட்டும்னா வேணாங்க. எல்லாருக்கும்னா சொல்லுங்க, இங்கனயே கழட்டித் தர்றேன்."

ஒத்துக்கொண்டேன். கொடிக்குப் பயந்துவிட்டதாக மற்ற மிராசுகள் என்னைக் காறித் துப்பாத குறை. ஓர் அங்கிக்காக என்று எந்த வாயால் சொல்வது? அதைக் கண்ணாடி அலமாரியில் மாட்டி, 'கதாநாயகர் அணிந்தது' என்று என் கைப்படச் சீட்டு எழுதி ஒட்டினேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். வக்கீல்கூட வந்து பார்த்துவிட்டு முகம் கறுத்துப் போனார்.

சில வருஷம் கழித்து அவள் அண்ணன் ஊருக்கு வந்திருந்தான். இடுப்பு ஒடிந்து, தடியூன்றி என் வீட்டுக்கு வந்தான். சீட்டை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தான். 

"ஒருக்கா போட்டுப் பாத்துக்கட்டுங்களா?"

அலமாரிச் சாவி என் இடுப்பிலேயே இருந்தது. அவன் போட்டுக்கொண்டால் அது அவன் உடம்பில் அப்படியே பொருந்தும் என்று தெரிந்தது. எனக்கு அது தோளிலேயே ஏறவில்லை.

"ரொம்பப் பழசுப்பா. கிழிஞ்சிடும்" என்றேன்.

கம்பியில் ஓர் ஆளோடு பறந்த அங்கி அது, சம்பா அறுப்பையும் தாங்கியது. அது கிழியாது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவன் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.