கொட்டி அல்ல

உருத்திரபுரம் ஏழாம் வாய்க்கால் குடியேற்றத்தில் மீன் இல்லாத மீன்தொட்டி ஒன்று இருந்தது. வைத்திருந்தவர் வீரகத்தியரின் மனைவி இரஞ்சிதம். அவர்கள் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்த எவரும் "மீன் எங்கை?" என்று கேட்காமல் எழும்பியதில்லை.

"கடலிலை" என்பார் இரஞ்சிதம்.

முதலில் மீனும் இருந்ததுதான். 1958இல், கொழும்பில் வண்ணமீன் பொதி செய்யும் வேலையில் இருந்த அவருடைய தம்பி யோகநாதன், இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். போத்தலில் எட்டுச் சின்ன மீன். ஈரக் கடதாசியில் ஒரு செடி. மீன்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வீரகத்தியர் வாய்க்காலில் பிடித்த விரால் குஞ்சு ஒன்றை உள்ளே விட்டார். மூன்றாம் நாள் விராலுக்குத்தான் துணை இல்லாமல் போயிற்று. அதைத் திரும்ப வாய்க்காலில் விட்டார்கள். செடி மிஞ்சியது.

தம்பி சொன்ன இங்கிலிசுப் பெயரில் வாள் என்ற பொருள் இருந்தது. இலையும் அப்படித்தான் இருந்தது: நடுவில் தடித்த நரம்பு, நுனி கூர். இரஞ்சிதம் அதற்கு வாள்பூண்டு என்று பெயர் வைத்தார். பூண்டு என்பதை மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தால் பின்னால் வந்த வில்லங்கத்தில் பாதி வந்திராது. பெயர் வைக்கும்போது சட்டத்தை யார் யோசிக்கிறார்கள்?

எங்களுக்கு அது கொட்டி. காணி வெட்டிக் குடியேறிய முதல் இரண்டு வருடமும் அக்கராயன் குளத்துக் கொட்டிக் கிழங்கை அவித்துத் தின்று சீவித்தவர்கள் நாங்கள். தண்ணீருக்குள் நீட்டு இலையோடு நிற்கிற சாமான் வேறு என்னவாக இருக்க முடியும்?

"கண்ணைத் திறந்து பாருங்கோ" என்பார் இரஞ்சிதம். "கொட்டியின்ரை இலை ஓரம் சுருளும். இது சுருளாது. கொட்டிக்குக் கீழை கிழங்கு. இதுக்குக் கட்டை, அன்னாசி மாதிரி ஒரே இடத்திலையிருந்து எல்லா இலையும் வரும். கொட்டிப்பூ நிமிந்து நிக்கும், பூத்து முடிஞ்சால் காய். இது வளைஞ்சு பிள்ளை போடும்."

பக்கத்துக் காணி நேசமலர் இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு ஒரு கன்று வாங்கிப்போய்ச் சருவச்சட்டியில் நட்டு, ஆறு மாதம் கழித்துக் கிழங்கு தோண்டினார். கிழங்கு இல்லை.

"இன்னும் முத்தேல்லை" என்று முடிவு செய்தார்.

இரஞ்சிதம் விடுகிற ஆள் இல்லை. வாய்க்கால் மணலை ஏழு தண்ணீரில் கழுவினார். களிமண் உருண்டைக்குள் ஆட்டுப்புழுக்கை வைத்துக் காயவிட்டு, வேருக்குக் கீழே புதைத்தார். வெயில் நேரே விழுந்தால் பாசி பிடிக்கும் என்று கண்டு, தொட்டியை வடக்குப் பக்கத்துக்கு நகர்த்தினார். அதற்காக வீரகத்தியரின் சாய்மனைக் கதிரை குசினிக்கு முன்னால் போயிற்று. 1960இல் முதல் தண்டு வந்தது. ஒன்றரை முழம் நீண்டு, தண்ணீரை விட்டு வெளியே எட்டிப் பார்த்து, கணுவுக்குக் கணு சின்ன இலைக் கொத்துப் போட்டது. ஆசையில் அவசரப்பட்டுப் பதினொரு கொத்தையும் வெட்டி நட்டார். பதினொன்றும் அழுகின.

அடுத்த தண்டு வந்தபோது வெட்டவில்லை. வளைத்து, தண்ணீருக்குள்ளே அமர்த்தி, கணுவுக்கு ஒன்றாகக் கொண்டை ஊசி குத்தி மணலோடு பிணைத்தார். ஊசி கறள் பிடித்தது. பிறகு ஊசிக்குப் பதிலாகக் கூழாங்கல்லில் நூல் கட்டினார். வேர் இரண்டு விரற்கணு நீளம் வருமட்டும் தாயிலிருந்து பிரிக்கவில்லை. அந்த முறை ஒன்றும் சாகவில்லை. (அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற மூன்று பிள்ளைகள் இருந்தார்கள், ஆகையால் செடிக்குப் பிள்ளை என்று சொன்னதற்கு யாரும் ஏக்கத்தைக் காரணம் காட்ட வேண்டாம்.)

1962இல் குடியேற்றத் திட்டத்து விவசாயக் கண்காட்சிக்குத் தொட்டியைக் கொண்டுபோனார். நடுவர் தில்லைநாதன், ஏழாம் வாய்க்கால் பயிர்ச்செய்கைக் குழுவின் தலைவர். நல்ல மனிதர், தெரியாது என்று சொல்லப் பழகாதவர். தொட்டியைக் கிழங்கு மேசையில், இராசவள்ளிக்கும் மரவள்ளிக்கும் நடுவில் வைத்து, "கொட்டி" என்று துண்டு ஒட்டினார். இரஞ்சிதம் தண்ணீரை அந்த மேசையிலேயே ஊற்றிவிட்டு, தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இராசவள்ளிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, ஈரத்தோடு.

1965 மாரிக்கு முன்னால் ஓர் அறிவித்தல் வந்தது. தெற்கே குளங்களை ஒரு மிதக்கும் பூண்டு மூடிக்கொண்டு வருகிறதாம்; அது வன்னிக்கு வராமல் இருக்க, வீடுகளில் வளரும் "அந்நிய நீர்ப்பூண்டுகள்" எல்லாவற்றையும் குழுத் தலைவர்கள் எரித்து அறிக்கை தரவேண்டுமாம். ஏழாம் வாய்க்காலில் வீட்டுக்குள் தண்ணீர்ச் செடி வளர்ப்பவர் ஒருவர்தான்.

ஏழு வருடமாக அதைக் கொட்டி என்று சத்தியம் பண்ணிய ஊர், அன்று பின்னேரமே அது வெளிநாட்டுச் சாமான் என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தது. நானும்தான்.

தில்லைநாதன் சைக்கிளில் வந்தார். கூட இரண்டு குழு உறுப்பினர்கள், ஒரு போத்தல் மண்ணெண்ணெய். விறாந்தையில் தாய் மூன்று, பிள்ளை பத்தொன்பது, தொட்டியிலும் பிஸ்கட் போத்தல்களிலுமாக நின்றன.

"அக்கா, கோவிக்கப்படாது. பூண்டு எண்டு பேர் வைச்சது நீங்கள்தான். இஞ்சை பாருங்கோ, அச்சிலை கிடக்கு, நீர்ப்பூண்டு."

"உதிலை மிதக்கிறதைப் பற்றித்தானே தம்பி எழுதியிருக்கு. இது மண்ணிலை வேர் விட்டு நிக்கிறது. வெளியாலை எடுத்து நட்டுக் கையாலை பாக்காட்டி, ஒரு கிழமையிலை செத்துப்போம்."

"அது எனக்கு விளங்குது. மேலிடத்துக்கு விளங்காதே."

பிறகு குரலைத் தாழ்த்தினார். ஆளைப் பற்றி முன்னே நான் எழுதியதில் பொய்யில்லை, நல்ல மனிதர்தான். வீட்டுக்காரர் நிரப்ப வேண்டிய படிவத்தை நீட்டினார்.

"ஒரு சொல்லு எழுதுங்கோ, காணும். செடியின்ரை பேர்: கொட்டி. கொட்டி இந்த மண்ணின்ரை சாமான். அதை எரிக்கச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை. நான் இப்பிடியே திரும்பிப் போறன்."

வீரகத்தியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது நல்ல கதை! இஞ்சரும் இரஞ்சிதம், எழுதும். ஊரெல்லாம் சொல்லுற பேர்தானே."

"ஊர் சொன்னது பிழை எண்டு ஏழு வருசமாச் சொல்லுறன். இப்ப நானே எழுதிக் குடுக்கிறதோ?"

"ஒரு சொல்லுக்காகச் செடியெல்லாத்தையும் நெருப்பிலை போடப்போறீரோ?"

இரஞ்சிதம் தொட்டியைப் பார்த்தார். பெரிய தாயில் புதுத் தண்டு ஒன்று வளைந்து, அதன் பிள்ளைகள் அப்போதுதான் வேர் விடத் தொடங்கியிருந்தன.

"இது கொட்டி எண்டால், நான் ஏழு வருசமும் என்ன செய்தனான்? கொட்டி வளத்தனான். அதுக்கு ஒருத்தரும் தேவையில்லை, குளம் தானே வளக்கும்" என்றார். "பேனையைத் தாங்கோ."

எழுதினார். தில்லைநாதன் வாங்கி வாசித்தார். "செடியின் பெயர்: வாள்பூண்டு. அந்நியச் செடி. கொட்டி அல்ல." கடைசி இரண்டு சொல்லுக்கும் கீழே கோடு.

"அக்கா, கோடெல்லாம் தேவையோ?"

"தேவை. இப்ப தலைவர், நீங்கள் என்ன எரிச்சனீங்கள் எண்டு எனக்கு எழுதித் தாங்கோ. எண்ணிக்கையும் போடோணும்."

எரிப்பதும் சுலபமாக இருக்கவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்த செடி எப்படி எரியும்? போத்தல் மண்ணெண்ணெயும் முடிந்தது. புகை வந்தது, நெருப்பு நிற்கவில்லை. இரண்டு உறுப்பினரும் இருமிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் இரஞ்சிதமே குசினிக்குள் போய்க் காய்ந்த பாளை நாலு கொண்டுவந்து போட்டார். "செய்யுறதை ஒழுங்காச் செய்யுங்கோ" என்றார். கண் சிவந்திருந்தது. புகை எல்லோருக்கும் பொதுவானதால் அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தில்லைநாதன் துண்டில் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தார்: "வாள்பூண்டு இருபத்திரண்டு அழிக்கப்பட்டது." ஏழாம் வாய்க்காலில் அந்தப் பெயரை இன்னொருவர் கையால் எழுதியது அதுவே முதல் தடவை.

"எல்லாம் போச்சே" என்றார் வீரகத்தியர், வெறும் தொட்டியைப் பார்த்து.

"கொட்டி எண்ட பேரும் போச்சு" என்றார் இரஞ்சிதம். அன்றைக்கே தம்பிக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததை ஊர் இரண்டு நாளில் அறிந்துகொண்டது.

அடுத்த வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த யோகநாதன் முதலில் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கினார். பையில் ஈரக் கடதாசிப் பொட்டலம் ஒன்று. தொட்டியில் மறுபடி தண்ணீர் நிறைந்தது. முன்பு அது உள்ளே தள்ளி இருந்தது. இப்போது இரஞ்சிதம் அதை றோட்டிலிருந்து தெரியும் முனைக்கு இழுத்து வைத்தார். கண்ணாடியில் ஒட்டிய அட்டையில், சைக்கிளில் போகிறவரும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில்: வாள்பூண்டு. அந்நியச் செடி.

சட்டம் மாறவில்லை. படிவங்களும் தீரவில்லை. ஊர் காத்திருந்தது.

பத்தாம் நாள் தில்லைநாதன் வந்தார். உறுப்பினர்கள் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. படலைக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று, அட்டையை வாசித்தார். பிறகு வாசிக்காதவர்போலக் கேட்டார்.

"அக்கா, அது கொட்டிதானே?"

"இல்லைத் தம்பி."

"பக்கத்திலை வந்து பாக்காமல் சொல்லேலாது. தூரத்திலையிருந்து பாத்தால் கொட்டி மாதிரித்தான் கிடக்கு."

"பக்கத்திலை வாங்கோ. படலை திறந்துதான் கிடக்கு. நானே காட்டுறன், இலையையும் கட்டையையும்."

அவர் படலையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், இரஞ்சிதம் ஏற்கெனவே கையைக் கழுவிக்கொண்டு செடியைத் தூக்கிக் காட்ட ஆயத்தமாவதையும் பார்த்தார்.

"அப்ப அக்கா" என்றார், ஊன்றிய காலை எடுத்துக்கொண்டு, "நான் இண்டைக்கு இஞ்சாலை வரேல்லை."