உத்திரமேரூரில் முழ நீளக் கத்தியுடன்

உத்திரமேரூரை அடுத்த திடலில், பழங்காலப் போர்வீரர் உடையணிந்து துப்பாக்கி சுடும் போட்டி. நடுவராக அழைக்கப்பட்டு, தளபதி வேடத்தில் வந்திறங்கும் என்னைக் காவலர் வாயிலில் நிறுத்துகிறார். இடுப்பில் முழ நீளக் கத்தி.

"இம்மாம் பெரிய கத்திக்கு லைசன்ஸ் கீதா சார்?"

"துப்பாக்கிகளை உள்ளே விட்டீர்களே?"

"அதுக்கெல்லாம் பேப்பர் கீது."

வெற்று உறையுடன் நடுவர் மேடையேறினால் ஊர் சிரிக்கும். பெரிய அரிவாளுடன் உள்ளே போகும் இளநீர் வியாபாரியைச் சுட்டிக்காட்டுகிறேன்.

"அவரு எளநீ சீவுறாரு. வேலைக்கு வச்சிக்கினா தப்பில்ல. நீங்க இன்னா சீவுறீங்க?"

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அவ்வியாபாரியிடமே ஒரு குலை வாங்கித் தோளில் ஏற்றி, நிமிர்ந்த நடையுடன் நுழைகிறேன். கிரீடமணிந்த போட்டியாளர் ஒருவர் கைதட்டி அழைக்கிறார்.

"எளநீ! வளுக்கையா ஒண்ணு வெட்டு, நைனா."

காவலர் பார்த்துக்கொண்டிருப்பதால், வெட்டிக் கொடுக்கிறேன்.