கல்கத்தா தயிர் சோறு

கல்கத்தாவுக்கும் மெட்ராசுக்கும் எவ்வளவு தூரம்? ஆகாய மார்க்கமாக எண்ணூறு மைலுக்கு மேல் என்பீர்கள். விமானத்தில் மூன்று மணி நேரம் என்பீர்கள். எங்கள் அம்மாவிடம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அவளுக்கு ஒரே அளவுதான் — இங்கே கிளறிய தயிர் சோறு அங்கே போய்ச் சேரும்போது புளித்திருக்கக் கூடாது.

போன மாதம் என் தங்கை வசந்தாவுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பூர்வீகம் எங்கள் செஞ்சிக்குப் பக்கத்து வல்லம். வேலை கல்கத்தாவில், இன்ஜினீயர். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பையனின் போட்டோ வசந்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. அம்மாதான் பிடி கொடுக்கவில்லை.

"அவ்ளோ தூரத்துல குடுத்துட்டு, நாளைக்கு அதுக்கு ஒரு ஜொரம்னா, ஒரு வாய் சோறு நான் கொண்டும்போய்க் குடுக்க முடியுமா?"

"ப்ளேன்ல மூணே மணி நேரம்மா" என்றேன். விமானத்தை நான் அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதற்காகப் பேச்சில் குறை வைப்பேனா?

"அப்போ அந்தத் தம்பியே அங்கேருந்து தயிர் சோறு எடுத்தாரட்டும். புளிக்கலைன்னா தட்டு மாத்திக்கலாம்."

வேடிக்கையாகத்தான் அவருக்கு எழுதிப் போட்டேன். மனுஷன் சரி என்று பதில் போட்டுவிட்டார். அம்மா நாள் குறித்தாள் — அமாவாசை, நிறைந்த நாள். நாளைப் பார்த்தோமே தவிர, பஸ்ஸைப் பார்த்தோமா? அமாவாசையன்று இந்தப் பக்கம் வருகிற பஸ்ஸிலெல்லாம் மேல்மலையனூர் கோயில் கூட்டம் தொங்கிக்கொண்டு வரும். செஞ்சியில் அது யாருக்குத் தெரியாது? அம்மாவுக்குத் தெரியாமலா... நான் கேட்கவில்லை.

காலையில் கல்கத்தாவில் ஏறியவர், மத்தியானத்துக்கு முன்பே மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டாராம். எங்கள் வாசலில் கால் வைத்தபோது விளக்கு வைக்கிற நேரம். சட்டையெல்லாம் கசங்கி, ஒரு செருப்பு வார் அறுந்து... டிபன் கேரியர் மட்டும் பத்திரமாக இருந்தது.

அம்மா மூடியைத் திறந்தாள். புளித்த வாடை கூடம் முழுக்கப் பரவியது. இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"புளிச்சிடுச்சே, தம்பி" என்றாள் அம்மா. அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

"ப்ளேன்ல நல்லாத்தான் இருந்துச்சு, அத்தே. திண்டிவனத்துலதான் பஸ் கெடைக்கல" என்றார் அவர். பிறகு, தலையைக் குனிந்தபடி, "நானே கெளறினது" என்றார்.

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்ற வசந்தா நேராக வந்தாள். ஒரு தட்டை எடுத்தாள், சோற்றைப் போட்டுக்கொண்டாள், உட்கார்ந்தாள். ஒரு வாய்... இன்னொரு வாய். மோர் லேசாகப் புளித்தாலே தட்டைத் தள்ளிவிடுகிறவள், முகம் சுளிக்கவே இல்லை.

"ஊறுகா இருக்குதாம்மா?" என்றாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. எழுந்து போய், மாங்காய் ஊறுகாய் ஜாடியை அப்படியே தூக்கி வந்து மகள் பக்கத்தில் வைத்தாள்.

"கல்கத்தாவுக்குப் போவச்சொல்ல இத்தையும் எடுத்துக்கினு போ. எத்தினி நாளானாலும் கெடாது."