மெர்லுக்குப் பிடிக்காத சோளம்

என் தம்பி மெர்ல் ஹூக்ஸ்ட்ரா நல்லவன்தான். பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் சந்தேகம் பிடித்தவன். தபால்காரர் அவளிடம் சிரித்துப் பேசினால்கூட இவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அவள், ஜெனெல், குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகர். அங்கே யார் வந்து போகிறார்கள் என்று கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விடக்கூடாது. மாநிலத்தின் விதி அப்படி. கடைத்தெருவில் எதிரே வந்தாலும், அவர்களாகப் பேசினால்தான் இவள் பேசுவாள். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவள் போலப் போய்விடுவாள்.

போன கோடையில் மாவட்ட நிர்வாகக் குழுத் தேர்தலில் நின்றாள். அவள் பிரசாரத்துக்கு மெர்ல்தான் பொருளாளர். பணமோ பொருளோ, கொடுத்தவர் பெயரையும் தொழிலையும் கேட்டு அரசுக்குக் காட்ட வேண்டும். பிரசாரக் கூட்டங்களில் அவித்துக் கொடுக்க வாராவாரம் மூட்டை மூட்டையாகச் சோளம் இறக்கினார் ஒருவர். கர்டிஸ் வாஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

"யாரு இவன்?" என்றான் மெர்ல் ஜெனெலிடம்.

"தெரிஞ்சவர்."

"எப்படித் தெரியும்?"

"அதை மட்டும் கேக்காத மெர்ல்."

போதாதா அவனுக்கு! என் முடிவெட்டும் கடைக்கு வந்து புலம்பினான். "ஊர் பூரா கை குலுக்குறா, அக்கா. அவனைக் கண்டா மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிறா. அதுலதான் விஷயமே இருக்கு!"

"டேய், அவ வேலை அப்படிடா. கிறுக்குத்தனமா எதையாவது பண்ணி வைக்காத" என்றேன். கேட்டானா?

தீயணைப்பு நிலையத்தில் நிதி திரட்ட அப்பம் சுட்டு விற்கும் காலை. ஊரே தட்டோடு வரிசையில் நிற்கிறது. நேரே கர்டிஸிடம் போனான் மெர்ல். "எதுக்குய்யா என் பொண்டாட்டிக்கு வாராவாரம் சோளம் கொண்டாற? என்ன உறவு உனக்கும் அவளுக்கும்?"

எல்லாரும் ஜெனெலைத்தான் பார்த்தார்கள். ஒரே வார்த்தையில் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். முகம் சிவக்க நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை. எனக்கு மெர்லை அறைய வேண்டும் போலிருந்தது.

கர்டிஸ் தொப்பியைக் கழற்றினார். "நான் குடிகாரன்யா. இவங்கதான் என்னை மீட்டாங்க. ரெண்டு வருஷமா தொடல. போதுமா?"

அவர் பக்கத்தில் நின்ற ஒரு தாய் மகளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜெனெல் எல்லார் முன்னாலும் போய்க் கர்டிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிப் பேருந்தை வேறு யாரோ ஓட்டி வந்தார்கள்.

மெர்லுக்கு முகமே செத்துவிட்டது. "நான் வேணா பள்ளிக்கூடத்துல போய்ப் பேசட்டுமா?" என்றான் அவளிடம்.

"பேசு" என்றாள் ஜெனெல். "அந்த மனுஷன் ரெண்டு வருஷமா குடிக்கல, எனக்குத்தான் என் பொண்டாட்டி மேல சந்தேகம்னு சொல்லு. சொல்லுவியா?"