பக்கச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்

எனக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. கிள்ளுனாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சவூதியில கட்டட வேலை பாக்கும்போது சாரம் சரிஞ்சு விழுந்ததுல முதுகெலும்பு போச்சு. இதைக் கேட்டதும் ஆளாளுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிருவாங்க. நான் பஸ் டைம் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிருவேன். அழுது தீக்க வேண்டியதெல்லாம் ஆஸ்பத்திரியிலயே தீந்துபோச்சு. அதுக்கப்புறம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் எனக்குப் பெருசா ஒண்ணும் தோணுறதில்ல.

நல்லவேளை, தொண்டைக்கு ஒண்ணும் ஆகல. மாரியூர்க் கரையில மீன் ஏலம் விடுறவன் நான். விடிஞ்சும் விடியாம படகு வந்துரும். மூணு சக்கர ஸ்கூட்டர்ல போயி, மணலுக்கு முன்னாடி தரை கெட்டியா இருக்கிற எடத்துல நிப்பாட்டி, வண்டியில உக்காந்தபடியே கூவுவேன். பேருதான் மூணு சக்கரம். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, விழுந்துறாம இருக்கப் பக்கத்துக்கொண்ணு, ஆக நாலு. ஊரு உலகமே மூணுன்னு சொல்லுது, நான் ஒருத்தன் எண்ணி என்ன ஆகப்போகுது?

அந்த வண்டியில நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தேன். அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒருநாள் குளிப்பாட்டும்போது வீட்டுக்காரிதான் பாத்தா. உக்காருற எலும்புக்கு நேரா புண்ணு, விரல் போற அளவுக்குக் குழி. ரெண்டு மூணு நாளாவே வாடை இருந்துச்சாம். கரையில இருந்து வர்ற ஆளுதானே, மீன் வாடைன்னு நெனச்சுட்டாளாம். நானும் அதைத்தான் நெனச்சேன். எங்க ஊர்ல எவன் மேல அந்த வாடை இல்ல?

அப்புறம் மாசக்கணக்குல குப்புறப் படுத்தே கெடந்தேன். தரையில இருக்கிற எறும்பத்தவிர பாக்க ஒண்ணும் இல்ல. ஏலத்தை வேற ஒருத்தன் விட்டான். அவன் கத்துறது எங்க வீடு வரைக்கும் கேக்கும். குரலா அது! வெல கூடுன பாறை மீனைக்கூட மலிவுச் சூடை விக்கிற மாதிரி விப்பான். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

புண்ணு ஆறுனப்போ ராமநாதபுரம் டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க. "ரோட்டுல குதிக்கிறது பூரா அந்த எலும்புலதான் இறங்குது. அதே வண்டியில போனீங்கன்னா திரும்ப வரும். அடுத்த தடவை உயிருக்கே ஆபத்து." வீட்டுக்காரிகிட்ட ஒரு சோதனையும் சொல்லிக் குடுத்தாங்க. சாயங்காலம் அந்த எடம் செவந்திருந்தா விரலால அழுத்தி எடுக்கணும். வெளுத்துட்டுத் திரும்பச் செவந்தா பயமில்ல. வெளுக்காம அப்படியே நின்னா உள்ள கெட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

வண்டிய விடுறதா, இல்ல வண்டிய மாத்துறதா? விட்டா வீட்டுக்குள்ள அந்தக் கழுதையோட குரலைக் கேட்டுக்கிட்டே சாக வேண்டியதுதான். மாத்துறதுன்னு முடிவு பண்ணினேன்.

சாயல்குடி மெக்கானிக் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டான். "அண்ணே, பக்கச் சக்கரத்தை இரும்புல நேரா வெல்டு வச்சிருக்கான். ஸ்கூட்டருக்குன்னு இருக்கிற சாக்கப்சருக்கு வேலையே இல்ல. கல்லு மேல ஏறுனா கல்லு உங்களை நேரா அடிக்குது. ஸ்பிரிங் வச்சுருவோம்."

"நல்ல ஸ்பிரிங்கா போடுலே."

அங்கதான் தப்பு நடந்துச்சு. அவன்கிட்ட வர்றதெல்லாம் ஐஸ் பெட்டி ஏத்துற லோடு ஆட்டோ, வாலிநோக்கத்துல உப்பு மூட்டை ஏத்துற வண்டி. அவனுக்கு நல்ல ஸ்பிரிங்னா எம்புட்டு ஏத்துனாலும் அமுங்காத ஸ்பிரிங். எனக்கும் அப்படித்தான். பொறந்ததுல இருந்து மீன் பெட்டியப் பாத்து வளந்தவன், கெட்டியா இருந்தா நல்லதுன்னுதானே புத்தி போகும்? லோடு ஆட்டோ ஸ்பிரிங்கையே மாட்டினான். வண்டி முன்னைக்கு ஒசந்து நின்னுச்சு. எனக்கு ஒரே பெருமை.

"எப்படிண்ணே இருக்கு?"ன்னு கேட்டான்.

"சூப்பரா இருக்குடா"ன்னேன்.

எந்த மொகரையில அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கும் தெரியல. கல்லுல ஏறுனா பல்லு ஆடுறது தெரியும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் யாருக்குத் தெரியும்?

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரி அழுத்திப் பாத்தா. வெளுக்கல. போன்ல படம் எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. யாரோ ஒருத்தரோட உடம்பு மாதிரி இருந்துச்சு. திரும்பவும் குப்புறப் படுத்தேன். தப்பிச்சேன், தோலு கிழியல, கொஞ்ச நாள்ல மாறிருச்சு.

அடுத்த தடவை மெக்கானிக் கடைக்குப் போறப்போ அவளும் கூட வந்தா. அவன் பழக்கதோசத்துல "இப்ப எப்படிண்ணே?"ன்னு கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "ஏலே, எங்கிட்ட கேட்டு என்ன செய்ய? கல்லுகிட்ட கேளு!" அவன் பாவம், முழிச்சான்.

அப்பத்தான் அவ முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு வந்தா. "எறங்குங்க. நான் ஓட்டிப் பாக்கேன்."

அதுவரைக்கும் அவ வண்டிய வாசல்ல திருப்பி நிறுத்துனதோட சரி. கியர் இல்ல, விழவும் விழாது. என்னைத் தூக்கி பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சுட்டு, புண்ணு வராம இருக்க சீட்டுல போட்டிருந்த என் மெத்தையையும் எடுத்து அங்கன வச்சுட்டு வெறும் சீட்டுல ஏறி உக்காந்தா. மெத்தை இருந்தா உண்மை தெரியாதாம். உப்பு லாரி போயி நொறுங்கிக் கெடக்கிற ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்தா. எறங்குனவ இடுப்பப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"இதுலயா போனீங்க?" கண்ணுல தண்ணி நின்னுச்சு. என் உடம்பு பட்ட அடிய எனக்குப் பதிலா அவதான் பட்டா. எனக்கு என்னமோ வெக்கமா இருந்துச்சு. "சரி சரி, ஒப்பாரி வைக்காத"ன்னு சொல்லிட்டேன்.

அதுக்கப்புறம் ஓட்டிப் பாக்குறது அவ வேலை ஆயிருச்சு. மெக்கானிக் பழைய மொபெட்டுல கழட்டுன மெல்லிசு ஸ்பிரிங்கைப் போட்டான். "அலையில வல்லத்துல போற மாதிரி ஆடுது, திருப்பத்துல கவுத்துரும்"னா. இன்னொண்ணு போட்டான். "வலது பக்கம் மட்டும் இடிக்குது"ன்னா. அவன் மதினி மதினின்னு அவ பின்னாடியே சுத்துனான், என்னை ஒரு பய திரும்பிப் பாக்கல. கடைப்பக்கம் வந்த கரை ஆளுங்க வேற கேலி. "என்ன ஏலக்காரரே, லைசென்ஸ் வீட்டம்மா பேருக்கு மாறிருச்சாமே?" மாறிட்டுப் போகட்டும்லே, உனக்கென்னன்னு நானும் திருப்பிக் குடுத்தேன்.

கடைசியா ஒரு ஜோடி போட்டான். ஓட்டிப் பாத்துட்டு வாரேன்னு போனா. போனவ வரல. டீ வந்துச்சு, குடிச்சேன். டீ கிளாஸும் போச்சு. வெயில் சேர்கிட்ட வந்துருச்சு. நகந்து உக்காரக்கூட ஆள் வேணும் எனக்கு. எங்கயும் விழுந்துட்டாளோன்னு மெக்கானிக் பைக்கை எடுக்கப் போறான், அப்ப வந்து நிக்கா. சேலைக் கரை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு மணல் ஒட்டியிருந்துச்சு. மூஞ்சி காத்துல அடிபட்டுச் செவந்து இருந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுல பாத்த மூஞ்சி அது.

"எங்க போயித் தொலஞ்ச?"

"மாரியூருக்கே போயிட்டேன். கடல்ல காலு நனைச்சேன்." மெக்கானிக் பக்கம் திரும்பினா. "இதுதான். இதை மாத்தாதீங்க. குழியில எறங்குறதே தெரியல."

மறுநாள் அந்த வண்டியில ஏலத்துக்குப் போனேன். நண்டு, கணவாய் எல்லாம் அன்னைக்கு என் குரல்லதான் போச்சு. எனக்குப் பதிலா ஏலம் விட்டவன் மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியாம நின்னான். சந்தோசமா இருந்துச்சுன்னுதான் சொல்லணும்.

சாயங்காலம் குப்புறப் படுத்தேன். அவ பின்னாடி உக்காந்து அழுத்திப் பாத்தா.

"வெளுத்துருச்சு"ன்னா. படத்தையும் காட்டினா. நெசமாவே வெளுத்துத்தான் இருந்துச்சு. இனி நான் போகலாம், வரலாம். ரொம்ப நாளைக்கப்புறம் நெஞ்சுல என்னமோ லேசாச்சு. அந்த லேசுலதான் வாய் சும்மா இருக்காம அவளைச் சீண்டுனேன்.

"நேத்து அம்புட்டு நேரம் ஊரு சுத்துனியே, வண்டி நல்லா போச்சா?"

"ம். அப்படியே போய்க்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு."

"அப்பறம் ஏன் திரும்பி வந்த?"

எனக்கு எறும்புதான் தெரியுது, அவ மூஞ்சி தெரியல.

"வண்டி ஒங்களதாச்சே"ன்னா.

அவ கை இன்னும் என் மேலதான் இருக்கா, எடுத்துட்டாளான்னு எனக்குத் தெரியல.